அம்மாவின் மழைக் கணக்கு

2023-ஆம் வருஷம், பங்குனி முடிகிற சமயம். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அலம்பிக் கவிழ்த்துவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தேன். செய்தி வாசித்த பெண் மிகவும் சந்தோஷமாக ஒரு சமாசாரம் சொன்னாள். அந்த வருஷம் தென்மேற்குப் பருவ மழை 'இயல்பாக' இருக்குமாம். நீண்ட காலச் சராசரியில் நூற்றுக்கு 96 பங்கு பெய்யும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறதாம்.

நல்ல செய்தி காதில் விழுந்தால் அதை உடனே யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கீழ்பென்னாத்தூருக்கு டெலிபோன் போட்டேன்.

"அம்மா! இந்த வருஷம் மழை இயல்பாம். இப்பத்தான் சொன்னாங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக் கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"எந்த ஊருல?" என்றாள் அம்மா.

என்ன பதில் சொல்வது? "இந்தியா பூராவும்" என்றேன். "அப்படியா, நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, என் பிள்ளையின் இருமலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். இந்தியா முழுவதும் இயல்பாக இருப்பதில் அவளுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடப் போய், நான் தேடாத வேறொன்றும் என் கையில் அகப்பட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கீழ்பென்னாத்தூர் எங்கே இருக்கிறது என்று பட்டணத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விலாசம் இதுதான்: திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் ரஸ்தாவில், மலை இன்னும் கண்ணை விட்டு மறையாத தூரத்தில். கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றே கன்னத்தில் போட்டுக் கொள்ளலாம். ஏரிகள் உண்டு. ஆனால் அவை நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். மற்றபடி வானம் பார்த்த பூமி. நீங்கள் வேர்க்கடலை என்று சொல்லி வறுத்துக் கொறிக்கும் மணிலாக் கொட்டை அங்கே மானாவாரியாக விளைகிறது. எங்கள் ஊர் வாயில் அது 'மல்லாட்டை'.

தமிழ்நாட்டுக்குத் தென்மேற்கு மழை கிடையாது, மேற்கு மலைத் தொடர் மேகத்தை மடக்கிவிடுகிறது, நமக்கு வடகிழக்கு மழைதான் கதி என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். அதில் பாதிதான் வாஸ்தவம். மாகாணம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சுமார் 33 சென்டிமீட்டர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுமார் 44. எங்கள் ஜில்லாவிலோ இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் கறுக்கும். விளக்கு வைத்த பிறகு இடி, மின்னல், காற்று. நடுநிசிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மறுநாள் காலையில் பார்த்தால் பக்கத்து ஊரில் புழுதி பறக்கும்! ஆனியிலும் ஆடியிலும் வருகிற இந்த மழைதான் மல்லாட்டைக்கு விதை மழை. ஐப்பசி மழையை நம்பி அதை விதைக்க முடியாது.

சென்னையில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்களா? அந்த ஜூலை மாதத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய், ரசத்துக்குப் புளியை மட்டும் நம்பிய நாட்கள் அல்லவா அவை? அதே மாதம் 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று மத்திய சர்க்கார் தடை போட்டது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கடை கடையாக ஓடி மூட்டை மூட்டையாகச் சோனா மசூரி வாங்கினார்கள். என் நாத்தனார் பெண் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள். அரிசி மூட்டைகள் படுக்கை அறைக் கட்டிலுக்கு அடியில்! நம் ஊர் வானத்தில் மேகம் கொஞ்சம் தயங்கினால் எங்கோ ஒரு கட்டிலுக்கு அடியில் அரிசி போகிறது.

இந்த 'இயல்பு' என்பது என்ன என்று என் பிள்ளை கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தான். 1971 முதல் 2020 வரை ஐம்பது வருஷ மழையைக் கூட்டி வகுத்தால், நான்கு மாதத்துக்குத் தேச முழுவதற்கும் 87 சென்டிமீட்டர் வருகிறது. இதுதான் நூறு பங்கு. 96-க்கும் 104-க்கும் நடுவே பெய்தால் இயல்பு. 90-க்குக் கீழே இறங்கினால் பற்றாக்குறை வருஷம். சாதாரணமாக ஒரு வருஷத்துக்கும் இன்னொரு வருஷத்துக்கும் இருக்கும் ஏற்ற இறக்கம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில்தான்.

பத்துப் பங்குதானா! வீட்டுக்காரர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் நாம் முணுமுணுத்துக் கொண்டே சமாளித்துவிடுவோம், பட்டினி கிடக்க மாட்டோம். அப்படியிருக்க 1972-ல் 24 பங்கு, 2009-ல் 22 பங்கு, 2002-ல் 19 பங்கு குறைந்ததற்கு ஏன் தேசமே தத்தளித்தது? காரணம், அந்தக் குறைவை எல்லா ஊரும் சமமாகப் பங்கு போட்டுக் கொள்வதில்லை. அஸ்ஸாமில் கொட்டியதும் ராஜஸ்தானில் காய்ந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தேசத்தின் கணக்குச் சாதுவாகத் தெரிகிறது. ஒரு கிராமத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஒரு வருஷம் இரட்டிப்பு, ஒரு வருஷம் பாதி என்று ஆடும். எந்தக் கிராமமும் சராசரியில் குடித்தனம் நடத்துவதில்லை.

இந்த ஆட்டத்துக்குக் காரணம் தேடியவர்களின் கதை சுவாரஸ்யமானது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய பஞ்சம் அது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தக் கதை இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1875-ல்தான் இந்தியாவில் வானிலைக்கென்று ஓர் இலாகா ஏற்பட்டிருந்தது. அதன் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த கோடையில் மழை குறைகிறது என்று பார்த்து, அதை வைத்து மழையை முன்கூட்டிச் சொல்லத் துணிந்தார். சில வருஷம் பலித்தது. சில வருஷம் பலிக்கவில்லை.

1904-ல் கில்பர்ட் வாக்கர் என்று ஒரு கணித மேதை அந்தப் பதவிக்கு வந்தார். வானிலை சாஸ்திரம் படித்தவர் அல்ல. கேம்பிரிட்ஜில் பூமராங் வீசுவதில் பிரபலம்! கம்ப்யூட்டர் இல்லாத காலம். குமாஸ்தாக்களை உட்கார வைத்து, உலகத்தின் மூலை முடுக்கில் உள்ள காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். வருஷக் கணக்கில் போட்டார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு தராசு. பசிபிக் சமுத்திரத்தின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரப் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. இந்தத் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து நம் மழை கூடிக் குறைகிறது. தராசு ஆடுவதைக் கண்டுபிடித்தார். அதை ஆட்டுவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆட்டுவது கடலின் சூடு என்று 1969-ல் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி விளக்கினார். பெரு தேசத்து மீனவர்கள் வெகு காலமாக அறிந்த விஷயந்தான் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் கரையோரக் கடல் சில வருஷங்களில் சூடேறும், மீன் அகப்படாது. பாலன் இயேசுவை நினைத்து அதற்கு 'எல் நினோ' என்று பெயர் வைத்தார்கள். சமையலறையில் வைத்துச் சொல்வதானால் இப்படி: அடுப்பு எங்கே எரிகிறதோ அங்கேதானே ஆவி எழும்பும்? பசிபிக் சமுத்திரத்தில் அடுப்பு சாதாரணமாக இந்தோனேஷியாப் பக்கம் எரிகிறது. எல் நினோ வருஷத்தில் சூடான நீர் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அடுப்பு இடம் மாறினால் ஆவியும் இடம் மாறும். நம் தலைக்கு மேல் காற்று எழும்புவதற்குப் பதிலாக இறங்குகிறது. மேகம் கூடுவதில்லை.

அப்பாடா, புரிந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது பிள்ளை சிரித்தான். "இன்னும் படிம்மா" என்றான். 1997-ல் வந்தது அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று. எல்லாரும் நடுங்கினார்கள். மழை 102 பங்கு பெய்தது! 2002-ல் வந்தது அத்தனை பலமில்லாத எல் நினோ. மழை 81 பங்குதான். அந்த வருஷத்துக்கும் 'இயல்பு' என்றுதான் கணித்திருந்தார்கள். உலகத்தில் எந்தக் கணிப்பும் அந்த ஜூலையை முன்கூட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதம் பெய்ய வேண்டியதில் பாதிகூடப் பெய்யவில்லை.

பசிபிக் மட்டுமல்ல, நம் இந்து சமுத்திரத்துக்கும் சொந்தத் தராசு ஒன்று உண்டு என்று 1999-ல் கண்டார்கள். ஆப்பிரிக்காப் பக்கத்துத் தண்ணீர் சூடாகவும் சுமத்ராப் பக்கத்துத் தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருந்தால் நமக்கு அநேகமாக நல்லது. 2019-ல் 110 பங்கு மழை வந்ததில் அதற்கும் கை உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பல வருஷம் இருந்த சுலோசனா காட்கில் என்ற அம்மையார், பூமத்திய ரேகை ஓரமாக இந்து சமுத்திரத்தின் மேல் மேகம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று கவனித்து, 1997-ல் தப்பித்ததற்கும் 2002-ல் அகப்பட்டதற்கும் காரணம் காட்டினார். அவர் செய்த இன்னொரு காரியந்தான் என்னை நிறுத்தியது. ஆந்திரத்து அனந்தப்பூர்ப் பக்கம் மானாவாரி வேர்க்கடலை போடும் விவசாயிகளோடு உட்கார்ந்து, பழைய மழைக் கணக்குகளை வைத்துக் கொண்டு, எந்த வாரம் விதைத்தால் காய் பிடிக்கும் நேரத்தில் வறட்சியில் மாட்டாமல் தப்பிக்கலாம் என்று ஆராய்ந்திருக்கிறார். எத்தனை மழை என்பதைவிட எப்போது மழை என்பதே அங்கே கேள்வி.

பழைய மழைக் கணக்கு என்று படித்ததும் எனக்கு அப்பாவின் தகர டப்பா ஞாபகம் வந்தது.

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். ஆடிக் கிருத்திகை ஒரு சாக்கு. உண்மையில் பரணில் இருக்கும் அப்பாவின் நோட்டுகளைப் பார்க்கத்தான் போனேன். அப்பா பாதி வாத்தியார், பாதி விவசாயி. ஆரம்பப் பள்ளியில் பாடம்; விடுமுறையில் இரண்டு ஏக்கர் புஞ்சை. காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. வீட்டுக் கொல்லையில், மரம் கூரை எதுவும் மறைக்காத இடத்தில், ஒரு கல்லின் மேல் பால் பவுடர் டப்பா ஒன்றை வைத்திருந்தார். காலை எட்டரைக்கு மரத்தாலான அடிக்கோலை அதற்குள் விட்டு எத்தனை அங்குலம் தண்ணீர் என்று பார்த்து எழுதிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் புறப்படுவார்.

"குடத்தை வெச்சா ஆகாதாப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வாயும் வயிறும் அடியும் ஒரே அகலமா இருக்கணும். அப்பத்தான் சின்ன டப்பாவும் பெரிய அண்டாவும் ஒரே உசரம் காட்டும்" என்பார். நீங்களும் வேண்டுமானால் ஒரு டம்ளரையும் அதே போல் நேராக நிற்கும் ஓர் அடுக்கையும் மாடியில் வைத்துப் பாருங்கள். ஒருமுறை அம்மா அது ஏதோ அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். அன்று அப்பா சாப்பிடவில்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு எங்கள் அம்மா பேரில் அத்தனை தாட்சண்யம்!

தகரப் பெட்டியைத் திறந்தபோது அப்பாவின் நோட்டுகளோடு கலந்து வேறு சில நோட்டுகளும் இருந்தன. அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டுகள். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். உருண்டை உருண்டையான எழுத்து. பால் கணக்கு, வண்ணான் கணக்கு, அடகுக் கணக்கு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பிரித்து வைத்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது படித்த வருஷம். ஆனி முதல் புரட்டாசி வரை அப்பாவின் டப்பாவில் மொத்தம் பதினேழு அங்குலம். பத்தாவது படித்த வருஷம். அதுவும் பதினேழு அங்குலந்தான், கால் அங்குலம் முன்னே பின்னே. அப்பாவின் கணக்கில் இரண்டு வருஷமும் இரட்டைப் பிள்ளைகள்.

அம்மாவின் நோட்டில் எட்டாவது வருஷத்துக்கு இப்படி இருந்தது: 'மல்லாட்டை இருபத்தோரு மூட்டை. கமிட்டியில் போட்டது. பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை.' பத்தாவது வருஷத்துக்கு: 'மல்லாட்டை ஏழு மூட்டை. அரிசி கடன். கம்மல் வைத்தது.'

அப்பாவின் நோட்டைத் திரும்பப் புரட்டித் தேதி தேதியாகப் பார்த்தேன். எட்டாவது வருஷம் வாரம் தவறாமல் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று அளந்து ஊற்றியது போல் பெய்திருக்கிறது. பத்தாவது வருஷமோ மூன்றே மழையில் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது. நடுவே முப்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு இல்லை. அந்த முப்பத்தெட்டு நாளில்தான் பூ பூத்து விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும். மண் கல்லாக இருந்தால் விழுது எங்கே இறங்கும்? தேசத்துக்கும் இதே கதைதான். 2023 முடிந்து கணக்குப் பார்த்தபோது 94 பங்கு. அடடா, கிட்டத்தட்டச் சொன்னபடி வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஜூனில் 91, ஜூலையில் 113, ஆகஸ்டில் 64, செப்டம்பரில் மறுபடி 113. 1901-லிருந்து பார்த்தால் அப்படிக் காய்ந்த ஆகஸ்ட் கிடையாது. குடகில் மழை தவறி, காவிரிக்காக அந்த வருஷம் மறுபடி சண்டை.

நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே 2002-க்கு வந்தேன்.

அந்த வருஷத்தை நான் மறக்கவில்லை. பட்டப்படிப்பு முடித்திருந்தேன். வாத்தியார் பயிற்சிக்கு வேலூரில் இடம் கிடைத்திருந்தது. ஆடி முடிவதற்குள் பணம் கட்ட வேண்டும். கட்டவில்லை. அப்பா அந்தப் பேச்சையே எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டு புஞ்சைக்குப் போய்விடுவார். தம்பியாக இருந்தால் அனுப்பியிருப்பார், பெண்தானே என்று விட்டுவிட்டார் என்று எனக்குள் தீர்மானம். எட்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கல்யாணம், குழந்தை, பட்டணம் என்று என் பாதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவர் போகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

அம்மாவின் நோட்டில்:

'ஆனி 6. விதைக்கு வளையல் ஒரு ஜோடி வைத்தது.'

'ஆடி 5. மழை இல்லை.'

'ஆடி 20. மழை இல்லை. பூ கருகிவிட்டது. மாட்டுக்கு விட்டது.'

'ஆடி 28. ராத்திரி நல்ல மழை. மீதி ஜோடி வைத்தது. விதை. பாப்பா படிப்பு அடுத்த வருஷம்.'

அம்மா முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக் கொண்டிருந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடி இல்லாமலே எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டாள்.

"அப்பாதான் வேணாம்னாருன்னு நெனச்சிட்டிருந்தேம்மா."

"அவரா? அந்த வளையலை வித்தாவது உன்னை அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும். பதம் நாலு நாள்தான் இருக்கும்."

மண் ஈரம் விதைக்குத் தக்கபடி இருப்பதைத்தான் பதம் என்பார்கள். மழை விட்ட மூன்றாம் நாள் ஏர் பூட்ட வேண்டும். ஐந்தாம் நாள் வெயிலில் அது போய்விடும்.

"அந்த மல்லாட்டை அரைக்கு அரைதான் வந்தது. ஆனா அதுலதான் தையில கடன் அடைஞ்சது. வளையல் வரல" என்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் அப்பாவை..."

"நீ அவருகிட்ட மொறைச்சிக்கிட்டிருந்தே. என்கிட்டேயும் மொறைச்சிக்கிட்டா அப்புறம் யாரு கையால சோறு தின்னுவே? அவருதான் சொன்னாரு, இருக்கட்டும் விடு, என்மேலயே இருக்கட்டும்னு."

புளியை உருண்டையாக உருட்டிச் சட்டியில் போட்டாள்.

"அடுத்த வருஷம் நான் படிக்கலையேம்மா" என்றேன்.

"ஆமா" என்றாள் அம்மா.

அதற்கு மேல் அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த ராத்திரி மழை ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நான் வாத்தியாரம்மா. வரவே இல்லாமல் இருந்திருந்தாலும் வாத்தியாரம்மா! விதைக்க வழியில்லை என்று வளையல் படிப்புக்கு வந்திருக்கும்.

சற்று நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காக, அனந்தப்பூர்ச் சமாசாரத்தைச் சொன்னேன். எந்த வாரம் விதைப்பது என்று ஓர் அம்மா ஆராய்ந்து சொல்லியிருக்கிறார் என்று.

"அந்தம்மா மல்லாட்டை போட்டவங்களா?"

"இல்லை. கணக்குப் படிச்சவங்க. ஆனா போட்டவங்களைப் பக்கத்துல வெச்சிக்கிட்டுத்தான் பார்த்தாங்க."

"அப்பச் சரியாத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு, "நம்ம ஊருக்கு யாராவது பார்த்தாங்களா?" என்றாள். பங்குனியில் கேட்ட அதே கேள்வி, வேறு உருவத்தில்.

அந்த வருஷமும் எல் நினோ வருஷந்தான். வடக்கே ஆடியும் ஆவணியும் காய்ந்து கொண்டிருந்தன. ஒரு விசித்திரம் பாருங்கள். மழை மேகம் இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கி, தேசத்தின் நடுப் பாகம் வாடுகிற நாட்களில்தான் நம் தமிழ்நாட்டில் சாயங்கால இடிமழை கூடுகிறது. ஐப்பசி மழைக்கும் எல் நினோ பல வருஷங்களில் அனுகூலமாகவே இருக்கிறது. 2015-ல் தேசத்துக்கு 86 பங்குதான். அதே வருஷம் கடைசியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. மறு வருஷம் 2016-ல் தேசத்துக்கு 97 பங்கு. நமக்கோ வடகிழக்கு மழை நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. ஒருவர் வீட்டு இயல்பு இன்னொருவர் வீட்டுக்கு ஆவதில்லை.

அன்று சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கம் கறுத்தது. துணிகளை எடுத்து உள்ளே போட்டோம். விளக்கு வைத்து அரை மணிக்கெல்லாம் காற்று கிளம்பிவிட்டது. மின்சாரம் போயிற்று. ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தாள். இப்போது புஞ்சையில் விதைப்பது குத்தகைக்காரர்தான். ஆனாலும் அவள் அன்றிரவு தூங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

காலையில் காபி குடித்துக் கொண்டிருந்தபோது, "எட்டரை ஆச்சு. போய்ப் பார்த்துட்டு வா" என்றாள்.

"எதை?"

"டப்பாவை."

கொல்லையில் அதே கல். டப்பா மட்டும் புதியது. அப்பா போன பிறகும் அவள் அதை எடுக்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அடிக்கோல் சமையலறை ஆணியில் தொங்கியது. உள்ளே விட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணேகால் அங்குலம்மா!" என்று கத்தினேன்.

அம்மா மெதுவாக நடந்து வந்து வாசற்படியில் நின்றாள். கையில் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும்.

"பார்த்துச் சொல்லு. டப்பா சாஞ்சிருக்கு பாரு."

சாய்ந்துதான் இருந்தது. ராத்திரிக் காற்றில் கல் ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் சிந்தாமல் டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு, காலால் கல்லைச் சரிப்படுத்தினேன். திரும்ப வைத்து அளந்தபோது ஒன்று பத்து. அம்மா எழுதிக் கொண்டாள்.